அம்மா வரச் சொன்னவா

என் வயதுக்காரர்களே, இது உங்களுக்குத்தான். எங்களுக்கு நாற்பது கிட்டுகிறது. தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, சின்ன எழுத்தை எட்டப் பிடித்தால்தான் வாசிக்கலாம். பிள்ளைகள் கைப்பேசியில் விளையாடினால் நாங்கள் போடுகிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். "உந்தச் சனியனை வைச்சிட்டு எழும்படா!" நானும் கத்துகிறவன்தான். கத்திவிட்டு, மகன் பார்க்காத நேரம் அந்தத் திரையை எட்டிப் பார்க்கிறேன். முன்னால் நின்று அடிக்கிறவன் யார், பின்னால் நின்று உயிர் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லவேண்டும் என்று ஆசை. எனக்கு அது வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமாதான காலம் உங்களுக்கு மறந்திருக்காது. வன்னிக்குள் வருகிற பாதை திறந்து, கொழும்புச் சாமான் லொறி லொறியாக வந்து, கிளிநொச்சி வீதியோரம் கடைகள் முளைத்த காலம். ஒரு கொமினிகேசன் கடையில், தொலைபேசிக் கூண்டுகளுக்குப் பின்னால் பலகை அடித்து மறைத்த அறையில் மூன்று கொம்பியூட்டர்கள் இருந்தன. உள்ளே ஜெனரேற்றர் புகை மணம். மின்விசிறி ஒன்றுதான், அது கொம்பியூட்டருக்கு, எங்களுக்கு இல்லை. அங்கேதான் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தோம். ஆளுக்கொரு வேசம் எடுத்துக்கொண்டு, காட்டிலும் குகையிலும் பூதங்களோடு சண்டை பிடித்து, பலம் ஏற்றி ஏற்றி மேலே போகவேண்டும். இன்ரநெற் வழியாக எந்தெந்த நாட்டுக்காரரோ எல்லாம் அதற்குள் ஓடித் திரிவார்கள்.

நாங்கள் மூன்று பேர். நான் வாள்காரன். என் மச்சாள், அப்பாவின் தங்கையின் மகள், வில்லுக்காரி. எங்களுக்குள் இங்கிலீசு கொஞ்சமாவது வாசிக்கக்கூடியவள் அவள்தான். மூன்றாவது ஆள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரன், என் வகுப்பு. அவன் மருந்துக்காரன். மருந்துக்காரன் அடிபடப் போகமாட்டான். பின்னால் நின்று, எங்களுக்கு உயிர் குறையக் குறைய ஏற்றிவிடுவான். "உயிர் தா! உயிர் தாடா!" என்று நான் கத்துகிற சத்தத்தில் கடைக்காரர் பலகையில் தட்டுவார். எங்களுக்குத் தருவதோடு நின்றானா? வழியில் அடிபட்டுக் கிடக்கிற முன்பின் தெரியாதவனுக்கும் போய்க் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்பான். "விசரா, உவன் ஆரெண்டு தெரியுமே உனக்கு?" என்று ஏசினால், "பாவமடா, தனிய வந்திட்டான்" என்பான். எனக்கு அப்படி எரிச்சல் வரும்.

பிறகு ஓர் ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கி, பாதை பூட்டப்பட்டது. அவன் பள்ளி விடுமுறைக்கு வவுனியாவில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தான். பத்து நாளில் வருகிறேன் என்று இரண்டு காற்சட்டையோடு போனவன். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இயக்கப் பக்கமும் பூட்டு, ஆமிப் பக்கமும் பூட்டு. தொலைபேசியும் செத்துப்போனது. கொமினிகேசன் கடைக்காரர் கூண்டுகளைக் கழற்றிவிட்டு அரிசி மூட்டை அடுக்கினார். மாவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, வானத்தில் நாள் முழுக்க வண்டு. அதுதான், ஆளில்லாமல் சுற்றிப் படம் பிடிக்கிற விமானம்; அந்த இரைச்சல் இப்போதும் சில நேரம் என் காதுக்குள் கேட்கும்.

அவனுடைய அம்மாவை நான் மாமி என்று கூப்பிடுவேன். மாமா உயிரோடு இல்லை, அவன் ஒரே பிள்ளை. மாமி ஒரு தொண்டு நிறுவன அலுவலகத்தில் சமையல். அதே இடத்தில் என் அப்பா ஜெனரேற்றர் பார்க்கிறவர். அந்த அலுவலகக் கூரையில் பெரிய தட்டு ஒன்று இருந்தது, அது வழியாக இன்ரநெற் வந்துகொண்டே இருந்தது. அங்கே பொறுப்பாக இருந்த வெள்ளைக்காரர் நல்ல மனிசன். சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி தொடக்கம் நாலு மணிவரை, கூட்ட அறையில் இருக்கிற இரண்டு கொம்பியூட்டரையும் வேலைக்காரரின் பிள்ளைகள் தொடலாம் என்று விட்டிருந்தார். மச்சாளையும் அப்பா தன் பிள்ளை என்று சொல்லிக் கூட்டிப்போவார். அப்பாவுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. "றோட்டில திரியாமல் உள்ளுக்க இருந்து விளையாடட்டும். ஆரின்ர கண்ணிலயும் படாதுகள்" என்று அம்மாவிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். விளையாட்டு எங்களைக் காப்பாற்றும் என்று அவர் நம்பினார்.

முதல் சனிக்கிழமை நாங்கள் உள்ளே போனபோது, விளையாட்டுக்குள் இருக்கிற பட்டணத்தில், கிணற்றடியில் மருந்துக்காரன் நின்றுகொண்டிருந்தான். நாலு கிழமையாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து நின்றானாம், வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் இருந்து. மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் எழும்பிக் குசினிக்கு ஓடினேன். "மாமி, உங்கட மகன் நிக்கிறான்!" மாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அகப்பையோடு ஓடிவந்தா.

வந்து பார்த்துவிட்டு அவவுக்கு முகம் கறுத்துப்போனது. "இதிலை எவன் என்ர பிள்ளை?" காட்டினேன். மருந்துக்காரருக்கு அந்த விளையாட்டில் உச்சி தொட்டு உள்ளங்கால் வரை வெள்ளை அங்கி. மாமி நெஞ்சில் கையை வைத்தா. "ஐயோ, ஏன் செத்த வீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி நிக்கிறான்? மாத்தச் சொல்லு ராசா. இந்தக் காலத்தில வெள்ளையோட நிக்க வேண்டாமெண்டு எழுது."

"மாமி, அது வைத்தியரின்ர உடுப்பு. எல்லாருக்கும் உதுதான்."

"எல்லாரும் என்னவும் உடுக்கட்டும். என்ர பிள்ளை மாத்தட்டும்."

இங்கிலீசு எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்பினேன். விளையாட்டில் உடுப்புக்குச் சாயம் போடலாம்தான், ஆனால் அதற்குச் சதுப்பில் வளரும் ஒரு பூண்டு அறுபது சேர்க்கவேண்டும். பலமில்லாதவன் அந்தச் சதுப்புக்குள் போனால் பூச்சிகள் அடித்தே தின்றுவிடும். மருந்துக்காரன் மூன்று சனிக்கிழமை தனியாகப் போய்ச் செத்துச் செத்து அதைச் சேர்த்தான். நாலாவது சனிக்கிழமை கிணற்றடியில் பச்சை அங்கியோடு நின்றான். மாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தா. "இப்ப வடிவு. ஆள் மெலிஞ்சிட்டான் என்ன?" என்றா. நானும் மச்சாளும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! அவ உண்மையாகவே அந்தப் பொம்மையை மகன் என்று நினைத்தாவோ, எங்களுக்காகச் சொன்னாவோ, தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு நிமிடம் வந்து கதிரைக்குப் பின்னால் நின்று பார்ப்பா. சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். தலைக்கு எண்ணெய் வை. சித்தியோடு எதிர்த்துக் கதைக்காதே. பூதம் ஒருபக்கம் என்னை அடித்துக்கொண்டிருக்கும்.

அந்தக் காலம் என்ன காலம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். வீட்டுக்கு ஒரு பிள்ளை போருக்கு வரவேண்டும் என்று இயக்கம் கேட்ட காலம். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைத் தாய்மார் குதிருக்குள்ளும் கிடங்குக்குள்ளும் ஒளித்த காலம். எங்கள் வீட்டில் அக்காவைக் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் அப்போது என்னைத் தொடவில்லை. மாமி வீட்டில் கொண்டுபோக இருந்தது அவன் ஒருவன்தான். அவன் வவுனியாவில் இருந்தான்.

இனி, அந்தச் சனிக்கிழமை.

பாதை கிழமையில் சில நாள் திறக்கத் தொடங்கியிருந்தது. உள்ளே வருவது சுகம். வெளியே போவதற்குத்தான் இயக்கத்தின் பாஸ் வேண்டும், எங்கள் வயதுக்குப் பாஸ் கிடையாது. இது எனக்குத் தெரியாது என்று எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் அப்போது கல்லரக்கனின் குகை வாசலில் நின்றோம். மூன்று மாதமாக அவனிடம் அடிவாங்கிக்கொண்டிருந்தோம். மருந்துக்காரனுக்குச் சித்தப்பா பிடி இறுக்கி, அரை மணித்தியாலம்தான் கடைக்கு விட்டார். பாதிச் சண்டையில் அவன் எழும்பிப் போவான், நாங்கள் சாவோம். அன்றைக்கு வந்ததும் எழுதினான்: இதுதான் கடைசி, பள்ளிச் சோதனை வருகிறது, சித்தப்பா இனி விடமாட்டாராம். பிறகு எழுதினான்: பாதை திறந்திருக்காம். அம்மாவைக் கேள். வரட்டோ?

நான் குசினிக்குப் போனேன். மாமி அரிசி கழுவிக்கொண்டிருந்தா. கேட்டதும் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. வாசலைப் பார்த்தா, யன்னலைப் பார்த்தா, பிறகு மெல்லிய குரலில் சொன்னா: "வர வேண்டாமெண்டு எழுது. என்ன நடந்தாலும் இஞ்சால வர வேண்டாம். நான் செத்தாலும் வரப்படாது. அங்க நிண்டு படிக்கட்டும். ராசா, கடிதத்தில எழுத ஏலாது, ரெண்டு பக்கமும் பிரிச்சுப் பாப்பினம். நீ உதிலை எழுது. நான் அழுதனெண்டு எழுதாதை."

குசினிக்கும் கூட்ட அறைக்கும் இடையில் ஒரு சின்ன விறாந்தை. இருபது அடி இருக்குமா? அதற்குள் எனக்கு என்ன நடந்தது என்று இத்தனை வருடமாக யோசித்துப் பார்க்கிறேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவன் இல்லாவிட்டால் கல்லரக்கனை அடிக்க முடியாது என்று நினைத்தேன். அவன் வந்தால் பக்கத்துக் கதிரையில் இருப்பான், நாலு மணிவரை இருப்பான் என்று நினைத்தேன். அவ்வளவுதான். பேய் பிடிக்கவில்லை, ஒருவரும் சொல்லித்தரவில்லை.

தட்டினேன்: அம்மா வரச் சொன்னவா. உன்னை நினைச்சு அழுறா.

பச்சை அங்கி அசையாமல் நின்றது. மழை மூட்டம், தட்டு வேலைசெய்யவில்லையோ என்று கூரையைப் பார்த்தேன். பிறகு மருந்துக்காரன் கிணற்றைச் சுற்றி ஓடத் தொடங்கினான். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம், நிற்காமல் ஓடினான். முன்பின் தெரியாத யாரோ ஒருவன் அதைப் பார்த்துவிட்டுத் தானும் பின்னால் ஓடினான்.

மச்சாள் என் திரையை எட்டிப் பார்த்தாள். "மாமி அப்பிடியே சொன்னவா?"

"ஓம்."

"பொய் சொல்லாதை. உன்ர மூஞ்சையைப் பார்."

"நீ வாயைப் பொத்து" என்றேன். குசினிக்குப் போய், "எழுதிட்டன் மாமி" என்றேன். என் தலையைத் தடவி, அலுவலகத்துக்கு என்று சுட்ட ரோல் ஒன்றைத் தந்தா. நின்ற நிலையில் தின்றேன்.

வியாழக்கிழமை பின்னேரம் அவன் வந்து இறங்கினான். உயர்ந்திருந்தான், குரல் உடைந்திருந்தது. மாமி வேலை முடிந்து வந்து படலையைத் திறக்க, அவன் முற்றத்தில் நிற்கிறான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். மாமி பளார் என்று கன்னத்தில் ஒன்று வைத்தா. நான் அவ கை நீட்டிக் கண்டதேயில்லை. பிறகு அவனைக் கட்டிப்பிடித்தா, பிறகு திரும்ப முதுகில் அடித்தா. "வரவேண்டாமெண்டு சொல்லி விட்டனான்தானே! சொன்னனான்தானே! ஏன்ரா வந்தனீ, ஆரைக் கேட்டு வந்தனீ?"

அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வேலிப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். ஒரு சொல் சொன்னால் போதும், என் கதை முடிந்தது.

"எனக்கு அங்க இருக்கேலாமப் போச்சம்மா" என்றான்.

அடுத்த நாள் இரணைமடு வாய்க்காலில் குளிக்கும்போதுதான் கேட்டான். "அம்மா சொல்லேல்லைத்தானே?" இல்லை என்று தலையாட்டினேன். "கல்லரக்கனுக்கோ?" அதற்கு ஓம் என்று தலையாட்டினேன். என்னை அமுக்கிக் கொன்றிருந்தால் நியாயம். "நீ சரியான விசரனடா" என்றுவிட்டுச் சிரித்தான். "அம்மாட்டச் சொல்லிக் கில்லிப் போடாதை. பிறகு கொம்பியூட்டரைத் தொட விடாயினம்."

மூன்று சனிக்கிழமையில் கல்லரக்கனை விழுத்தினோம். இரண்டு திரைக்கு மூன்று பேர்; நான் ஒரு திரையில், மற்றதில் அவனும் மச்சாளும் மாறி மாறி. விழுந்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் அப்பா எண்ணெய்க் கையோடு ஓடிவந்தார். அரக்கன் ஒரு மோதிரம் போட்டுவிட்டுப் போனான். அதைப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு எங்களில் ஒருவருக்கும் பலம் காணாது. அது பையிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் மாமி அவனைக் காத்தா. அலுவலகச் சாமான் அறையில், தறப்பாள் கட்டுகளுக்குப் பின்னால் இருத்திப் பூட்டிவிட்டுச் சமைப்பா. பிறகு அரசாங்கம் அந்த நிறுவனங்களை எல்லாம் வன்னியை விட்டுப் போகச் சொன்னது. கூரைத் தட்டைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். வெள்ளைக்காரர் அழுதார். ஒளிக்க இடமில்லாமல் போய் இரண்டாவது கிழமை, பட்டப்பகலில், தண்ணீர் அள்ளப் போன இடத்தில் இயக்கக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தண்ணீர்க் கானை மட்டும் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். மாத்தளன் பக்கம் கண்டதாக ஒருவர் சொன்னார். போரின் கடைசி நாட்களில் ஆமியிடம் போன சனத்தோடு கண்டதாக இன்னொருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. என் அக்கா திரும்பி வந்தா. காலில் இன்னும் இரும்புத் துண்டு இருக்கிறது, ஆனால் இருக்கிறா.

மாமிக்கு எழுதுகிற வேலை எல்லாம் நான்தான். போர் முடிந்து முகாமில் இருந்த காலத்திலிருந்து இன்றுவரை, மகனைத் தேடி எத்தனை படிவம், எத்தனை விசாரணைக்குழு! ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் தொடங்குவா. "முதல்ல இதை எழுது ராசா. தாய் வரவேண்டாமெண்டு சொன்னது. பிள்ளை சொல்லுக் கேளாமல் வந்தது." எழுதுவேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கும் அதையே சொல்லுவா. கோயிலடியில் கண்டவருக்கும் சொல்லுவா. "குழப்படி இல்லாத பிள்ளை. அந்த ஒரு முறைதான் என்ர சொல்லைத் தட்டினவன்." சில நேரம் அவன் படத்தைப் பார்த்தே ஏசுவா: "சொல்வழி கேட்டிருந்தா இண்டைக்கு இருந்திருப்பாய்தானே, மூதேவி." நான் பேனையை மூடி வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். செத்தானோ இருக்கிறானோ தெரியாத ஒருவன், என் பொய்க்காகத் தாயிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஒரு நாளா, இரண்டு நாளா? பதினைந்து வருடத்துக்கு மேல். எனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்பீர்கள். வெட்கத்தால்தான் வாய் திறக்கவில்லை.

போன மாதம் மச்சாள் வெளிநாட்டிலிருந்து தொலைபேசி எடுத்தாள். பிள்ளைகளைப் பற்றிக் கதைத்துவிட்டு, வைக்கப்போகும்போது கேட்டாள். "மாமிக்குச் சொல்லிட்டியோ?"

"எதை?"

"நடியாதை. நான் அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். எனக்கும் அந்த அரக்கனை அடிக்க ஆசையாத்தான் இருந்தது." கடைசியாக, "அவாக்கு வயசு போகுதடா" என்றாள்.

அடுத்த நாளே போனேன். வீதியோரக் கொட்டிலில், காணாமற்போன பிள்ளைகளின் படங்களை வைத்துக்கொண்டு தாய்மார் இருக்கிற இடம். மாமி பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தா. இன்னொரு படிவம் வந்திருக்கிறது என்று நீட்டினா. "முதல்ல இதை எழுது ராசா," என்று தொடங்க, நான் சொன்னேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். குசினி, விறாந்தை, நான் தட்டிய இரண்டு வரி, அவன் வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தது, வாய்க்காலில் சிரித்தது. அடி விழும் என்று எதிர்பார்த்தேன். சத்தியமாக, விழவேண்டும் என்று விரும்பினேன்.

மாமி நீட்டிய படிவத்தை மடியில் வைத்தா. பிறகு என் கையைப் பிடித்தா.

"அப்ப அவன் என்ர சொல்லைத் தட்டேல்லை?"

"இல்லை மாமி."

"நான் கூப்பிட்டனெண்டுதான் வந்தவன்?"

"ஓம் மாமி."

அவ பக்கத்துக் கதிரை அம்மாவின் தோளைத் தட்டினா. "அக்கா, இஞ்ச கேளுங்கோ. என்ர பிள்ளை சொல்லுக் கேளாமல் வரேல்லையாம். நான் கூப்பிட்டனெண்டு நினைச்சு வந்தவனாம். இவன்தான் எழுதினவனாம், இவனே சொல்லுறான்." அதற்கு அப்பால் இருந்தவவுக்கும் சொன்னா. எழும்பிப் போய் வாசலில் நின்றவவுக்கும் சொன்னா. இத்தனை வருடத்தில் அந்த முகத்தில் நான் சிரிப்பைக் கண்டதில்லை, அன்றைக்குக் கண்டேன். என்னைத் திட்ட அவவுக்கு ஞாபகமே வரவில்லை.